இல்லாத லிஃப்டில் மூன்று பேர்

கையைத் தூக்கினால் தகரக் கூரை இடிக்கும் ஒரு சலூனில் உட்கார்ந்துகொண்டு, "உங்க கடை லிஃப்ட் நல்லா ஓடுதா?" என்று விசாரிக்கும் பாக்கியம் எல்லாத் துப்பறிவாளருக்கும் கிடைப்பதில்லை. எனக்குக் கிடைத்தது. கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி, பாதி முகத்தில் சோப்பு நுரை. சலூன்காரர் கத்தியை அந்தரத்தில் நிறுத்தினார். கூரையைப் பார்த்தார். என் சட்டையைப் பார்த்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் மருமகளைப் பார்த்தார்.

"எத்தனை நாளா இப்படிம்மா?"

"நான் கல்யாணமாகி வந்ததுலேர்ந்து பார்க்கறேன்," என்றாள் அவள்.

மருமகள்தான் என் உதவியாளர். பெண் பார்க்கப் போனபோது மாப்பிள்ளையின் அப்பா பெரிய துப்பறிவாளர் என்று யாரோ சொல்லிவைத்ததை நம்பி வந்தவள். வந்து பார்த்த பிறகு, இந்த மனிதரைத் தனியாக வெளியே விடக் கூடாது என்று என் மகனும் அவளும் சேர்ந்து முடிவு செய்ததில் எனக்கு ஓர் உதவியாளர் கிடைத்தாள். என் தொழில் அனுபவத்தைப் பற்றி நானே சொல்லிக்கொள்வது அழகல்ல. ஒரு முறை ஒரு ஆளைக் காலையிலிருந்து பின்தொடர்ந்தேன். சாயங்காலம் அவன் சட்டென்று திரும்பி, "சார், நான்தான் உங்களைப் பின்தொடரணும், நீங்க முன்னாடி நடந்தா எனக்கு வசதியா இருக்கும்," என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. முன்னால் நடந்தேன்.

இந்த வழக்கு அப்படிச் சுலபமானது அல்ல. லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றை நடத்தும் பெண்மணி எங்களைக் கூப்பிட்டிருந்தார். கம்பெனியில் எல்லோருக்கும் அவர் 'அக்கா'. அவருடைய கூடப் பிறந்த தம்பியும் அதே தொழில்தான். தம்பியிடம் சின்னக் கம்பெனி, அக்காவிடம் பெரிய கம்பெனி. போன மாதம் தம்பியின் கம்பெனியை அக்கா வாங்கிவிட்டார். தம்பி பார்த்துக்கொண்டிருந்த லிஃப்டுகளின் விவரம் முழுவதையும் அக்காவின் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். பிறகு பழுப்புச் சட்டை போட்ட அக்காவின் மெக்கானிக்குகள் அந்த முகவரிகளுக்குக் கிளம்பிப் போனார்கள். போன இடத்தில் எல்லாம் சலூன், சைக்கிள் கடை, ஓட்டு வீடு. ஓர் இடத்தில்கூட லிஃப்ட் இல்லை.

இல்லாத லிஃப்டுகளைக் கூடப் பிறந்தவளிடமே விற்றுவிட்டான். அக்கா இதைச் சொல்லும்போது அழவில்லை. மேசை மேல் இருந்த பேனாக்களை நீளவாரியாக அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். அவனிடம் போனில் கேட்டாராம். லிஃப்ட் எல்லாம் எங்கேடா என்று இவர் கேட்க, எழுதிக் கொடுத்திருக்கேனே படிச்சியா என்று அவன் கேட்க, படிக்காமலா கேட்கிறேன் என்று இவர் கத்த, அவன் போனை வைத்துவிட்டான். அதிலிருந்து இவர் கூப்பிட்டால் எடுப்பதில்லை. நீலச் சட்டை போட்ட அவனுடைய பழைய ஆட்களும் அவனோடு போய்விட்டார்கள். வக்கீல் புகார் எழுதி வைத்திருக்கிறார். சாயங்காலம் கையெழுத்துப் போட்டால் போலீசுக்குப் போய்விடும்.

"அவனுக்குச் சைக்கிள் ஓட்டக் கத்துக்கொடுத்ததே நான்தான் ஐயா," என்றார். "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, வெளி ஆள் யாராவது ஒரு தடவை பார்த்துச் சொல்லட்டும். அவன் திருடன் இல்லைன்னு சொன்னா உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன்."

கம்ப்யூட்டரில் ஏற்றிய விவரத்தில் மூன்று வாடிக்கையாளர்களை மட்டும் அச்சடித்துக் கொடுத்தார்கள். சலூன், மாடி பூஜ்யம். சைக்கிள் கடை, மாடி ஒன்று. ஒரு வீடு, மாடி இரண்டு. மாடியே இல்லாத கடையில் லிஃப்ட் இருக்கிறது என்று விற்றவன் சாதாரணத் திருடன் அல்ல என்று நான் அபிப்பிராயம் சொன்னேன். தம்பி அனுப்பிய அட்டவணையில் பத்திகளுக்குத் தலைப்பே ஒழுங்காக இல்லை, க-1, க-2 என்றுதான் இருந்தது என்று கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் குறைப்பட்டுக்கொண்டார். முகவரி மாதிரி இரண்டு பத்திகள் இருந்தனவாம். ஒன்றில் 'டாக்டர் கட்டடம்', 'பச்சை ஜன்னல்' என்று ஏதோ கிறுக்கல். இன்னொன்றில் கதவு எண், தெரு, போன் நம்பர் எல்லாம் சுத்தமாக இருந்தது. சுத்தமானதை ஏற்றிவிட்டுக் கிறுக்கலைத் தள்ளிவிட்டதாகப் பெருமையோடு சொன்னார்.

க-1, க-2 என்றால் என்னவென்று விளக்கம் எதுவும் வரவில்லையா என்று மருமகள் கேட்டாள். ஏதோ ஒரு தாள் கூடவே வந்தது, உள்ளே இருப்பதைப் பார்த்தாலே தெரிகிறதே என்று யாரும் படிக்கவில்லை என்றார். அந்தத் தாளைத் தேடி எடுத்து அவளிடம் நீட்டினார். அதை நான் வழிமறித்து வாங்கிக்கொண்டேன். துப்பறிவாளன் மனிதர்களைப் படிக்க வேண்டும், காகிதத்தை அல்ல என்று அவளுக்கு அறிவுரை சொன்னேன். காலையில் மழை. என் இடது ஷூவின் அடியில் ஒரு ஓட்டை. தாளை நான்காக மடித்து ஷூவுக்குள் வைத்துக்கொண்டேன். கனகச்சிதமாகப் பொருந்தியது.

இப்போது சலூனுக்கு வருவோம்.

லிஃப்டா, இந்தக் கடையிலா, ஏற்கெனவே பழுப்புச் சட்டை போட்ட ஆட்கள் இரண்டு தடவை வந்து இதையே கேட்டுவிட்டுப் போனார்கள் என்று சலூன்காரர் அலுத்துக்கொண்டார். மீதிப் பாதி முகத்தைச் சிரைக்கும்போது அவர் கை முன்போல நிதானமாக இல்லை. எழுந்தபோது சுவரில் ஆணியில் தொங்கிய ஒரு பெரிய சாவி என் தலையில் இடித்துக் கீழே விழுந்தது. அதில் தகரத் தகடு ஒன்று தொங்கியது. மருமகள் எடுத்து, திருப்பிப் பார்த்துவிட்டு மாட்டினாள்.

"யாரு சாவிங்க இது?"

"அதைக் கேக்கறவங்க கேட்டா குடுப்பேன்," என்றார் சலூன்காரர், அவள் உடையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு.

சைக்கிள் கடையிலும் அதே கதை. மாடி ஒன்று என்று போட்டிருந்த இடத்தில், மாடி என்று சொல்ல டயர்களின் அடுக்குதான் இருந்தது. வாசலில் ஒரு நாய் குறுக்கே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கக்கூட அதற்கு மனமில்லை. கடைக்காரரும் முதலில் என் சட்டையைத்தான் பார்த்தார். பம்ப்புக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு பெரிய சாவி.

"எல்லாரும் உங்க சட்டையைப் பார்க்கறாங்க மாமா," என்றாள் மருமகள் நடந்துகொண்டே.

"சில பேருக்கு உடை அமையும்," என்றேன்.

"காலையில சிந்தின காபியும் அமைஞ்சிருக்கு."

மூன்றாவது இடம் ஒரு வீடு. மாடி இரண்டு என்று விவரம் சொன்னது. கண் சொன்னது வேறு. தரையோடு தரையாக ஓடு வேய்ந்த வீடு. இரண்டு மாடியும் பூமிக்கடியில் இருந்தால் ஒழிய லிஃப்டுக்கு வேலை இல்லை. அந்தச் சாத்தியத்தையும் விட்டுவிடக் கூடாது என்று கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். போன வேகத்தைவிட வெளியே வந்த வேகம் அதிகம். உள்ளே இருந்த நாய் குள்ளமானது, கறுப்பு, பேச்சுவார்த்தையில் நம்பிக்கை இல்லாதது. என் பேன்ட்டின் பின்பகுதியில் ஒரு துண்டை அது தன்னிடமே வைத்துக்கொண்டது. வீட்டுக்கார அம்மாள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, நீலச் சட்டைக்காரரைத் தவிர யாரையும் அது விடாது என்று சாவகாசமாகச் சொன்னார்.

எனக்கு இதற்கு மேல் ஆதாரம் தேவைப்படவில்லை. தெருமுனையில் நின்று, பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, அக்காவுக்குப் போன் செய்தேன். மூன்று இடம் பார்த்தாயிற்று, மூன்றிலும் லிஃப்ட் இல்லை, மன்னிக்கவும், உங்கள் தம்பி உங்களை ஏமாற்றிவிட்டார் என்று தீர்ப்புச் சொன்னேன். வக்கீல் ஆபீசுக்கு வாருங்கள், சாட்சிக் கையெழுத்துக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார்.

மருமகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, நீங்க திருடன்னு வைச்சுக்குவோம். கஷ்டமில்லை, வைச்சுக்கலாம். இல்லாத லிஃப்டை விக்கணும். எங்க இருக்குன்னு எழுதுவீங்க?"

"பெரிய கட்டடம் எதையாவது எழுதுவேன்."

"தகரக் கூரை சலூன்னு எழுதுவீங்களா?"

திருடனுக்கும் சில சமயம் புத்தி மழுங்கும் என்றேன். மழுங்கினாலும் இந்த அளவுக்கா என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்து, மழுங்கும் மழுங்கும் என்று அவளே ஒப்புக்கொண்டாள்.

வக்கீல் ஆபீஸ் இருந்த கட்டடம் சலூனுக்குப் பின் தெருவில்தான். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. அக்கா வாசலில் காத்திருந்தார். கண் சிவந்திருந்தது. ஆபீஸ் மேல் மாடியில். மூன்று பேரும் லிஃப்டில் ஏறினோம். பழைய காலத்து லிஃப்ட். கதவு மூடிக்கொண்டது, முனகிக்கொண்டே ஏறியது, பெருமூச்சு விட்டது, நின்றது. விளக்கும் அணைந்தது.

லிஃப்ட் தொழிலிலேயே பெரிய ஆள் பக்கத்தில் நிற்கும்போது பயப்பட ஒன்றுமில்லை என்று இருட்டில் நான் தைரியம் சொன்னேன். அக்கா தன் கம்பெனியின் அவசர எண்ணுக்குப் போன் செய்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். இனிமையான குரலில் ஒரு பெண் எடுத்தாள். கூண்டுக்குள் தகட்டில் இருக்கும் நம்பரைக் கேட்டாள். மருமகள் போன் வெளிச்சத்தில் தேடிப் படித்தாள். நூற்றுப் பதினேழு.

தட்டச்சு ஓசை கேட்டது.

"அந்த லிஃப்ட் ஒரு சலூன்ல இருக்குன்னு காட்டுதுங்க," என்றாள் அந்தப் பெண். "ஆனா ஆள் போய்ப் பார்த்து, அங்க லிஃப்டே இல்லைன்னு எழுதியிருக்காங்க. அதனால நீக்கியாச்சு."

"அந்த லிஃப்டுக்குள்ளதாம்மா நிக்கறோம்," என்றார் அக்கா.

"இல்லாத லிஃப்டுக்கு ஆள் அனுப்ப வழியில்லைங்க மேடம்."

"நான் யார் தெரியுமா? உன் முதலாளி."

"மாட்டிக்கிட்டவங்க நிறையப் பேர் அப்படித்தான் சொல்றாங்க மேடம்," என்றாள் அந்தப் பெண், கொஞ்சமும் இனிமை குறையாமல். "வேற ஏதாவது உதவி வேணுங்களா?"

போன் அடங்கியது. லிஃப்ட் இருக்கிறது. தம்பியின் கணக்கில் இருந்த லிஃப்ட். அதற்குள் நின்றுகொண்டுதான் அது இல்லை என்று கையெழுத்துப் போட மேலே போய்க்கொண்டிருந்தார். நானோ சாட்சி.

"நூத்திப் பதினேழு," என்றாள் மருமகள் மெதுவாக. "உங்க தலையில விழுந்த சாவியில இதே நம்பர் மாமா. அந்தத் தகடு இந்தத் தகடு மாதிரியேதான். ஷூவைக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"கழட்டுங்க."

கழற்றினேன். தாள் ஈரத்தில் ஊறி, என் குதிகாலின் வடிவத்தை எடுத்திருந்தது. அவள் அதை இரண்டு விரலால் பிரித்து, முகத்தைத் திருப்பி மூச்சை இழுத்துக்கொண்டு, போன் வெளிச்சத்தில் படித்தாள். தம்பியின் கையெழுத்து. ஒவ்வொரு பத்திக்கும் ஒரு விளக்கம்.

"க-1, லிஃப்ட் நம்பர். க-2, லிஃப்ட் இருக்கும் கட்டடம், நம் ஆட்கள் கூப்பிடும் பெயர். க-3, மாடியில் மோட்டார் அறை பூட்டியிருக்கும், அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று முழு முகவரி. நீலச் சட்டை போட்டவர் கேட்டால் மட்டும் கொடுப்பார்கள். கட்டடம் எங்கேயும் போகாது, சாவிதான் கை மாறிக்கொண்டே இருக்கும். அதனால் தெரு, கதவு எண் எல்லாம் சாவிக்குத்தான்."

லிஃப்ட் நின்றுபோனால் மேலே மோட்டார் அறைக்குப் போய்ச் சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் ஆளை இறக்க முடியும். அந்த நேரத்தில் மெக்கானிக்குக்கு முதலில் தெரிய வேண்டியது சாவி எங்கே என்பதுதான். தம்பி எழுதியது அத்தனையும் உண்மை. அக்காவின் ஆட்கள் ஊரெல்லாம் சாவிகளைத் தேடிப் போய், லிஃப்ட் இல்லையே என்று திரும்பி வந்திருக்கிறார்கள். நானும் போனேன். ஒன்று என் மண்டையிலேயே விழுந்து சொல்லியும் எனக்கு உறைக்கவில்லை.

"க-4 என்னன்னு சொல்லட்டுமா மாமா?" மருமகளின் குரலில் சிரிப்பை அடக்கும் நடுக்கம் இருந்தது. "மாடி எத்தனைன்னு இவங்க ஏத்தினாங்களே, அந்த எண். சாவி வாங்கப் போற இடத்துல நாய். பூஜ்யம்னா இல்லை. ஒண்ணுன்னா இருக்கு. ரெண்டுன்னா கடிக்கும்."

இருட்டில் என் கை தானாகப் பின்பக்கம் போனது.

அக்கா தம்பிக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. மறுபடி செய்தார். மருமகள் நம்பரைக் கேட்டு வாங்கித் தன் போனிலிருந்து கூப்பிட்டாள். எடுத்தான். நூற்றுப் பதினேழில் மூன்று பேர் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், கம்பெனி கம்ப்யூட்டரில் அந்த லிஃப்டே இல்லையாம், மாட்டியவர்களில் ஒருவர் உங்கள் அக்கா என்று மட்டும் சொன்னாள். போன் கட்டாகிவிட்டது.

கால் மணி நேரம் ஆனது. வருவானா என்று அக்கா கேட்டார். தொழில்முறையில் மனிதர்களைப் படிப்பவன் என்ற வகையில், வர மாட்டான் என்று நான் உறுதியாகச் சொன்னேன்.

சொல்லி வாய் மூடுவதற்குள் தலைக்கு மேல் கதவு இழுபடும் சத்தம் கேட்டது. இரண்டு தளங்களுக்கு நடுவே நின்றிருந்தோம். எங்கள் தலை மட்டத்தில் ஒரு முழ இடைவெளியில் மேல் தளத்தின் வெளிச்சம் விழுந்தது. அதில் மழையில் நனைந்த இரண்டு செருப்புகள். பிறகு அவன் குனிந்து முகத்தைக் காட்டினான். நீலச் சட்டை. கையில் சலூன் சாவி. பின்னால் வக்கீலும் எட்டிப் பார்த்து, கையெழுத்து மட்டும்தான் என்றால் தாளைக் கீழே நீட்டட்டுமா என்று பணிவாகக் கேட்டார். அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

தம்பி சாவியை விரலில் சுற்றினான்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீ நிக்கற லிஃப்ட் இருக்கா, இல்லையா?"

"டேய்."

"உன் கம்ப்யூட்டர்ல இல்லைன்னு போட்டிருக்காம். நான் மேல போய்ச் சக்கரத்தைச் சுத்தணும்னா லிஃப்ட் இருக்கணும்ல."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். பேனா இல்லாததால் கைவிரல்களை அடுக்கிக்கொண்டிருந்தார். "இருக்குடா," என்றார். "எல்லாமே இருக்கு. எனக்குத்தான் படிக்கத் தெரியலை. நீ எழுதிக் கொடுத்த விளக்கத்தைப் பிரிக்காமலே உன்னைத் திருடன்னு சொல்லிட்டேன்."

அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பி, மூக்கை நீலச் சட்டையில் துடைத்துக்கொண்டான். மழைத் தண்ணீராகவும் இருக்கலாம். நான் அடித்துச் சொல்ல மாட்டேன், இன்றைக்கு நான் அடித்துச் சொன்னது எதுவும் நிற்கவில்லை.

பிறகு அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்து கால்களை இடைவெளியில் தொங்கப்போட்டான். அதைக் குடும்மா என்று மருமகளிடம் கை நீட்டினான். அவள் தாளைக் கொடுத்தாள். வாங்கியவன் முகத்தைச் சுளித்து, இதில் என்ன வாடை என்று கேட்டான். நான் ஷூ இல்லாத காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அக்கா அவசர எண்ணைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் பிரிவுக்காரரைக் கொடுக்கச் சொன்னார். இந்த முறை அந்தப் பெண் மறுபேச்சுப் பேசவில்லை. ஏற்றியதை எல்லாம் அழித்துவிட வேண்டும், தாளில் உள்ள விளக்கத்தைத் தம்பி ஒவ்வொன்றாகப் படிப்பான், ஒன்று புரிந்த பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும் என்று உத்தரவு பிறந்தது.

"க-5," என்று தம்பி ஆரம்பித்தான். "கட்டடத்துல யாருக்கிட்டப் பேசணும்ங்கறது."

"அதை நாங்க உரிமையாளர் பேருன்னு போட்டுட்டோம்," என்றது போன்.

"அது வாட்ச்மேன்யா."

அக்கா சிரித்தார். போன மாதத்திலிருந்து சிரிக்காத சிரிப்பு என்று கேட்டாலே தெரிந்தது. க-6-க்கு வந்தபோது இரண்டு பேரும் பழைய வாடிக்கையாளர் ஒருவரைப் பற்றிச் சண்டை போட ஆரம்பித்தார்கள், சந்தோஷமான சண்டை. வக்கீல் புகார்த் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டார். மருமகள் கூண்டின் மூலையில் சாய்ந்து வசதியாக உட்கார்ந்துவிட்டாள். நான் ஒற்றை ஷூவோடு, கிழிந்த பேன்ட்டோடு, பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தேன். சலூனுக்குப் போவதற்கு முன் குடித்த இரண்டு தம்ளர் தண்ணீர் இப்போது தன் இருப்பைத் தெரிவிக்கத் தொடங்கியிருந்தது.

க-8 முடிந்ததும் மெல்லக் கனைத்தேன். "தம்பி, மேல போய் அந்தச் சக்கரத்தைக் கொஞ்சம்..."

"இருங்க பெரியவரே," என்றார்கள் அக்காவும் தம்பியும் ஒரே குரலில். "இதைப் படிச்சு முடிச்சிடறோம்."